கார்ச்சாம்ப் செய்த குற்றம் என்ன?

போக்கிமான் டைமண்ட் அல்லது பேர்ல் விளையாடி முடித்த யாரிடமாவது "சிந்தியா" என்று ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள். முகம் கொஞ்சம் மாறும்! எட்டு ஜிம்களையும் ஜெயித்து, நான்கு பெரிய ஆட்டக்காரர்களையும் தாண்டி, கடைசிச் சண்டைக்கு வந்து நிற்கும்போது அந்த அம்மா அனுப்பும் 66-ஆம் லெவல் கார்ச்சாம்ப் பல பேருடைய அணியை ஒற்றை ஆளாகத் துடைத்துப் போட்டிருக்கிறது. பாதி சுறா, பாதி டிராகன், கையில் அரிவாள் மாதிரி இறக்கை. பார்த்தாலே பயம் வரும்.

தோற்றவர்கள் அடுத்து என்ன செய்தார்கள்? அதே ஜந்துவைத் தாங்களும் பிடிக்கக் கிளம்பினார்கள். சைக்கிள் பாதைக்கு அடியில் மறைந்திருக்கும் குகை வாசலைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே போய் கிபிள் என்ற குட்டியைப் பிடித்து, 24-ஆம் லெவலில் கபைட் ஆக்கி, 48-ஆம் லெவலில் கார்ச்சாம்ப் ஆக்கினார்கள். பிறகு ஆளுக்கு ஆள் போட்டி போடும் களத்துக்கு அதைக் கொண்டுவந்தார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. 2006-ல் ஜப்பானில் இந்த ஆட்டங்கள் வெளிவந்தன. 2008-லேயே, போட்டி ஆட்டத்துக்கு விதிகள் வகுக்கும் ஸ்மோகன் என்ற ரசிகர் குழு கார்ச்சாம்ப்பைப் பொது ஆட்டத்திலிருந்து தடை செய்துவிட்டது. மியூட்டூ, கயோகர் போன்ற பெரிய தலைகள் மட்டும் உலவும் "ஊபர்" வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஒரு காட்டு குட்டியை வளர்த்து ஆளாக்கினால் அது தெய்வ வரிசையில் போய் நிற்கிறது என்றால் பெருமைதான். ஆனால் அந்தத் தீர்ப்பு சரியா?

குற்றவாளியைத் தவறாகப் பிடித்துவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். கார்ச்சாம்ப்பின் பலத்துக்குப் பதில் இருந்தது. பதில் இல்லாதது வேறு ஒன்று.

பலம் எங்கே இருக்கிறது?

போக்கிமான் தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். இரண்டு பேர், ஆளுக்கு ஆறு ஜந்துக்கள். ஒவ்வொரு ஜந்துவுக்கும் அதிகபட்சம் நான்கு அடிகள், ஒரு இயல்புத் திறன், கையில் ஒரு பொருள். ஒவ்வொரு டர்னிலும் இருவரும் ஒரே நேரத்தில் ரகசியமாக முடிவெடுக்க வேண்டும்: அடிப்பதா, ஆளை மாற்றுவதா? இரண்டு பேரும் அடித்தால் பொதுவாக வேகம் அதிகமுள்ளது முதலில் அடிக்கும். அவ்வளவுதான் ஆட்டம். பார்க்க எளிது, ஆடினால் தலை சுற்றும்.

கார்ச்சாம்ப்பின் அடிப்படை எண்கள்: உயிர் 108, தாக்குதல் 130, தற்காப்பு 95, வேகம் 102. மொத்தம் 600. எல்லோரும் அந்த 130-ஐப் பார்த்துத்தான் வாயைப் பிளப்பார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது 102-ஐ!

காரணம் இருக்கிறது. அந்தத் தலைமுறையில் சாலமென்ஸ், ஜாப்டாஸ், ஜிராச்சி, செலபி என்று ஒரு பெரிய கூட்டமே சரியாக 100 வேகத்தில் நின்றது. முழுப் பயிற்சி கொடுத்து 100-ஆம் லெவலில் கணக்குப் போட்டால் இவற்றின் உச்ச வேகம் 328. கார்ச்சாம்ப்புக்கு 333. வெறும் ஐந்து புள்ளிதான் வித்தியாசம். ஆனால் இந்த ஆட்டத்தில் ஒரு புள்ளி அதிகம் இருந்தாலும் முதல் அடி உங்களுடையது. ரயில் ஒரு நிமிஷத்தில் தவறினாலும் தவறியதுதானே, அது மாதிரி.

வேகத்தின் மதிப்புக்குப் பின்னால் வந்த ஒரு சாட்சியும் உண்டு. 2013-ல் எக்ஸ், ஒய் ஆட்டங்களில் மெகா கார்ச்சாம்ப் வந்தது. தாக்குதல் 130-லிருந்து 170-க்கு ஏறியது, வேகம் 102-லிருந்து 92-க்கு இறங்கியது. தாக்குதல் இவ்வளவு ஏறியும், பல நல்ல ஆட்டக்காரர்கள் சாதா கார்ச்சாம்ப்பையே வைத்துக்கொண்டார்கள்!

அடுத்து வகை. டிராகன், நிலம் இரண்டும் சேர்ந்தது. மின்சார அடி இதன்மேல் படவே படாது. நெருப்பு, பாறை, விஷம் பாதிதான் உறைக்கும். டிராகன் அடியை முழுதாகத் தாங்கிப் பாதியாகக் குறைப்பது அன்று இரும்பு வகை மட்டும்தான். அந்த இரும்புக்கே நிலத்தின் அடி இரட்டிப்பாக வலிக்கும். ஒரு கதவைச் சாத்தினால் இன்னொரு கதவு வழியாக வந்துவிடும்.

நான்காம் தலைமுறை செய்த ஒரு மாற்றமும் இதற்கு அதிர்ஷ்டமாக அமைந்தது. அதற்கு முன் டிராகன் வகை அடிகள் எல்லாம் சிறப்புத் தாக்குதல் கணக்கில்தான் சேரும். இந்தத் தலைமுறையில்தான் ஒவ்வொரு அடியையும் உடலடி, சிறப்படி என்று தனித்தனியாகப் பிரித்தார்கள். அவுட்ரேஜ் உடலடியாக மாறியது, அதன் சக்தியும் 90-லிருந்து 120-க்கு ஏறியது. கார்ச்சாம்ப்புக்கென்றே தைத்த சட்டை மாதிரி!

எப்படி ஆடுவது?

முதல்முறை கார்ச்சாம்ப் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்றே ஒன்று. ஆட்டம் ஆரம்பித்ததும் அதை இறக்கி அவுட்ரேஜ் அடிப்பார்கள். இரண்டு மூன்று டர்ன் நிறுத்த முடியாமல் அதே அடியை அடித்துக்கொண்டே இருக்கும். எதிராளி ஒரு இரும்பை உள்ளே விட்டு, அடியை வாங்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே நிற்பார். அவுட்ரேஜ் முடிந்ததும் கார்ச்சாம்ப்புக்குத் தலை சுற்றும், தன்னையே அடித்துக்கொள்ளும். பலசாலி அவசரப்பட்டால் இதுதான் கதி.

தெரிந்தவர்கள் வேறு மாதிரி ஆடினார்கள். முதலில் மற்ற ஐந்தையும் வைத்து வழியைச் சுத்தம் செய்வார்கள். ஸ்கார்மோரி, பிரான்சாங் இரண்டும்தான் முக்கியமான முட்டுக்கட்டை. இரண்டும் இரும்பு. ஒன்று பறக்கும், ஒன்று பொதுவாக மிதக்கும் திறனோடு வரும், அதனால் எர்த்க்வேக் படாது. இவற்றை முன்பே தீர்த்துக்கட்ட வேண்டும், அல்லது கார்ச்சாம்ப்புக்கே ஃபயர் ஃபாங் சொல்லிக்கொடுக்க வேண்டும். பிறகு எதிராளி மின்சார அடி அடிப்பார் என்று ஊகித்து, அந்த நொடியில் கார்ச்சாம்ப்பை உள்ளே விட வேண்டும். அடி வீண். எதிராளி ஆளை மாற்றும் அந்த ஒரு டர்னில் ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடிவிட்டால் தாக்குதல் இரட்டிப்பு. அதற்குமேல் எர்த்க்வேக்கா, ஃபயர் ஃபாங்கா என்று ஆள் பார்த்து அடித்து, இரும்பெல்லாம் தீர்ந்தபிறகு கடைசியில்தான் அவுட்ரேஜ்.

இதில் இன்னொரு தந்திரமும் உண்டு. கார்ச்சாம்ப்பின் பெரிய பலவீனம் பனி. டிராகனுக்கும் ஆகாது, நிலத்துக்கும் ஆகாது, ஆக நான்கு மடங்கு வலிக்கும். அதற்காகக் கையில் யாச்சே பெர்ரி என்ற பழத்தைக் கொடுத்து வைப்பார்கள். முதல் பனி அடியின் வலியை அது பாதியாக்கும். செத்துவிடும் என்று எதிராளி நம்பி அடிப்பார், கார்ச்சாம்ப் உயிரோடு நின்று திருப்பி அடிக்கும்!

எப்படி நிறுத்துவது?

இவ்வளவு சொன்னபிறகு "இது தடை செய்ய வேண்டிய ஜந்துதான்" என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்.

கிரெசேலியா மிதக்கும், எர்த்க்வேக் படாது, ஒன்றிரண்டு அடிகளைத் தாங்கி ஐஸ் பீம் அடிக்கும். கியாரடாஸ் உள்ளே வந்தாலே தன் திறனால் எதிரியை மிரட்டித் தாக்குதலைக் குறைக்கும், நிலத்தின் அடியும் படாது. வீவைல், மாமோஸ்வைன் இரண்டும் ஐஸ் ஷார்ட் என்ற அடியை வேகம் எதுவாக இருந்தாலும் முதலில் அடிக்கும். ஏற்கெனவே ஒரு அடி வாங்கிய கார்ச்சாம்ப்புக்கு அது போதும். சூடு போட்டுவிட்டால் உடலடியின் வலு பாதியாகும். அவுட்ரேஜில் மாட்டிக்கொண்ட நேரத்தில் இரும்பை விடலாம்.

இவை எதுவும் சுலபமில்லை. கையில் பழம் இருக்கிறதா, ஃபயர் ஃபாங் இருக்கிறதா, வேகம் கூட்டும் சாய்ஸ் ஸ்கார்ஃப் இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டும். தப்பாக ஊகித்தால் ஆட்டம் போகும். ஆனால் அது சிந்தனைக்கும் சிந்தனைக்கும் நடக்கும் சண்டை. தோற்றவன் "அந்த டர்னில் கியாரடாஸை விட்டிருக்க வேண்டும்" என்று இரவு படுக்கும்போது யோசிப்பான். மறுநாள் கொஞ்சம் நன்றாக ஆடுவான். போட்டி என்றால் இதற்குத்தானே?

மணல் வந்தது... மூளை போனது

இப்போது உண்மையான குற்றவாளி. கார்ச்சாம்ப்பின் இயல்புத் திறன் சாண்ட் வெய்ல். மணற்புயல் வீசும்போது அதன்மேல் வரும் அடிகள் ஐந்தில் ஒன்று தவறும். அந்தத் தலைமுறையில் அதற்கு வேறு திறன் கிடையாது, எல்லாக் கார்ச்சாம்ப்பும் இதோடுதான் பிறக்கும்.

மணற்புயலை யார் கொண்டுவருவது? டைரானிடார் அல்லது ஹிப்போடான் களத்தில் காலை வைத்தாலே போதும், புயல் தானாகக் கிளம்பும். அன்றைய விதிப்படி வேறு வானிலை வந்து மாற்றும்வரை அது ஓயவே ஓயாது. பாறை, நிலம், இரும்பு தவிர மற்ற வகைகள் ஒவ்வொரு டர்னிலும் பதினாறில் ஒரு பங்கு உயிரை இழந்துகொண்டே இருக்கும். நிலவகையான கார்ச்சாம்ப்புக்கு ஒன்றும் ஆகாது.

ஐந்தில் ஒன்றுதானே என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு அடி அடித்தால் ஒன்றாவது தவறும் வாய்ப்பு 36 சதவீதம். மூன்று அடித்தால் 48.8 சதவீதம், கிட்டத்தட்ட பாதி! இதில் சப்ஸ்டிட்யூட் என்ற அடியைச் சேர்த்தால் கதை இன்னும் மோசம். கால்வாசி உயிரைக் கொடுத்து ஒரு பொம்மையை முன்னால் நிறுத்தும், எதிரியின் அடி பொம்மைமேல் விழும். உடைந்தால் இன்னொரு பொம்மை. மூன்று பொம்மைக்குள் ஒரு அடி தவறினால் போதும், பொம்மைக்குப் பின்னால் நின்றபடி நிம்மதியாக ஸ்வோர்ட்ஸ் டான்ஸ் ஆடிக்கொள்ளலாம். கையில் பிரைட் பவுடர் கொடுத்துவிட்டால் தவறும் வாய்ப்பு 28 சதவீதமாக ஏறும்.

எதிராளி என்ன செய்ய முடியும்? சரியான ஜந்துவைக் கொண்டுவந்தார். சரியான டர்னில் இறக்கினார். சரியான அடியைத் தேர்ந்தெடுத்தார். அடி தவறியது. ஆட்டம் முடிந்தது! அவர் இரவில் படுத்துக்கொண்டு யோசிக்க ஒன்றுமே இல்லை. கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஸ்மோகன் விதிகளில் டபுள் டீம் என்ற அடிக்கு முன்பே தடை இருந்தது. காரணம், அது எதிரியின் அடியைத் தவறவைக்கும், ஆட்டத்தை அதிர்ஷ்டத்தின் கையில் கொடுக்கும். டபுள் டீம் ஒருமுறை ஆடினால் எதிரியின் அடி தவறும் வாய்ப்பு 25 சதவீதம். அதற்கு ஒரு டர்னைச் செலவழிக்க வேண்டும். சாண்ட் வெய்ல் 20 சதவீதத்தைச் செலவே இல்லாமல் கொடுத்தது. காசு கொடுத்து வாங்கினால் குற்றம், இலவசமாகக் கிடைத்தால் குற்றமில்லையா?

தடை, விடுதலை, மறுபடி தடை

2008-ல் தடை போட்டவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு அணியும் கார்ச்சாம்ப்பை மனதில் வைத்தே கட்டவேண்டிய நிலை இருந்தது. ஆறு இடத்தில் ஒன்றிரண்டு இடத்தை அதற்கென்றே ஒதுக்கினால் மற்ற ஜந்துக்களுக்கு இடமே இருக்காது. அந்தக் கவலை நியாயமானது. திறனைத் தனியாகப் பிரித்துத் தடை செய்யவும் அன்று வழியில்லை. கார்ச்சாம்ப் என்றாலே சாண்ட் வெய்ல்தான்.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 2010-ல் பிளாக், வொயிட் ஆட்டங்களோடு ஐந்தாம் தலைமுறை தொடங்கியது. கார்ச்சாம்ப் பொது ஆட்டத்துக்குள் மறுபடி வந்தது. மணல் அணிகளும் கூடவே வந்தன. பொம்மைக்குப் பின்னால் ஒளிந்து அதிர்ஷ்டத்துக்காகக் காத்திருக்கும் பழைய விளையாட்டு பெரிதாக வெடித்தது. மறுபடியும் தடை! பிறகு ரஃப் ஸ்கின் என்ற இரண்டாவது திறன் கார்ச்சாம்ப்புக்குக் கிடைத்தது. தொட்டு அடிப்பவர்களுக்கு எட்டில் ஒரு பங்கு உயிர் போகும், அவ்வளவுதான். இப்போது பிரிக்க வழி வந்துவிட்டது. சாண்ட் வெய்ல் திறனைத் தடை செய்துவிட்டு கார்ச்சாம்ப்பை உள்ளே விட்டார்கள்.

என்ன ஆயிற்று? வானம் இடிந்து விழுந்ததா? இல்லை. அதே 130 தாக்குதல், அதே 102 வேகம், அதே ஸ்வோர்ட்ஸ் டான்ஸ். ஆனாலும் அது பல நல்ல ஜந்துக்களில் ஒன்றாக அடங்கி இருந்தது. 2013-ல் டிராகன் அடியே படாத ஃபேரி வகை வந்தபிறகு அதன் வேலை இன்னும் கடினமாயிற்று. திறனால் வரும் மணற்புயலை ஆட்டத்தைத் தயாரிக்கும் கேம் ஃப்ரீக் நிறுவனமே அதே வருஷம் ஐந்து டர்னுக்குச் சுருக்கியது. பலம் அப்படியே இருக்க, அதிர்ஷ்டத்தை மட்டும் எடுத்ததும் பிரச்சினை தீர்ந்தது. முதல் தடவை நோய் எது, நோயாளி யார் என்று குழம்பிவிட்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

"இந்த ஆட்டமே அதிர்ஷ்டம்தானே? எதிர்பாராத பலத்த அடி பதினாறில் ஒருமுறை விழத்தானே செய்தது, அதையும் தடை செய்ய வேண்டியதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. அந்த வாய்ப்பு களத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொது. பெரும்பாலும் அதை நம்பி யாரும் அணி கட்டுவதில்லை. அது மழை மாதிரி, வந்தால் இருவரும் நனைவார்கள். சாண்ட் வெய்லில் அதிர்ஷ்டமே திட்டம். ஒருவர் கையில் மட்டும் குடை!

அணில் சொன்ன பதில்

பலசாலியைக் கண்டு பயப்படுபவர்கள் 2014-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். வாஷிங்டனில் நடந்த போக்கிமான் உலகப் போட்டியில் தென் கொரியாவின் பார்க் சே-ஜூன் பட்டம் வென்றார். அது இரண்டுக்கு இரண்டு ஆடும் அதிகாரபூர்வப் போட்டி, கார்ச்சாம்ப்புக்கு அங்கே தடை இல்லை. அவருடைய அணியிலும் கார்ச்சாம்ப் இருந்தது. ஆனால் அரங்கமே கத்தியது அதற்காக இல்லை. பாச்சிரிசு என்ற மின்சார அணிலுக்காக!

பாச்சிரிசுவின் மொத்த எண் 405. கார்ச்சாம்ப்பைவிட 195 குறைவு. யாரும் சீந்தாத ஜந்து. பார்க் அதற்கு ஃபாலோ மீ என்ற அடியைக் கொடுத்திருந்தார். பக்கத்தில் நிற்கும் கியாரடாஸ்மேல் வரவேண்டிய அடிகளை அணில் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். மின்சார அடி வந்தால் அதைக் குடித்து உயிரை ஏற்றிக்கொள்ளும். சூப்பர் ஃபாங்கால் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் மீதி உயிரைப் பாதியாக்கும். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்களே, அதைக் கண்முன் காட்டிவிட்டது.

கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பார்க் கார்ச்சாம்ப்பை ஒதுக்கிவிட்டு அணிலை எடுக்கவில்லை. இரண்டையும் சேர்த்தே எடுத்தார். பலசாலிக்கு ஒரு வேலை, அணிலுக்கு ஒரு வேலை. பலசாலி இருந்தால் சின்னவர்களுக்கு இடமே இருக்காது என்ற பயம் எல்லா நேரமும் உண்மை இல்லை. விதிகள் நியாயமாக இருந்தால், யோசிப்பவனுக்கு இடம் கிடைக்கும்.

இது போக்கிமானுக்கு மட்டும் இல்லை. பள்ளி, கல்லூரிப் போட்டிகளிலும் ரொம்ப நன்றாக ஆடுபவனைப் பார்த்து "இவனைச் சேர்க்காதே" என்று சொல்வது சுலபம். அவன் ஜெயிப்பது திறமையாலா, விதியில் இருக்கும் ஓட்டையாலா என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். ஓட்டையை அடைக்காமல் ஆளை வெளியே அனுப்பினால், நாளைக்கு வேறொருவன் அதே ஓட்டை வழியாக வருவான். மிச்சம் இருப்பவர்களும் பலசாலியை எதிர்த்து ஆடக் கற்றுக்கொள்ள மாட்டார்கள்.

கார்ச்சாம்ப்பிடம் தோற்பதில் அவமானம் இல்லை. எதனால் தோற்றோம் என்று தெரிந்தால் போதும், அடுத்த ஆட்டத்துக்கு அது ஒரு பாடம். மணலிடம் தோற்றவனுக்குத்தான் பாடமே இல்லை. ஒரு வழியாக மணலைத் தடை செய்துவிட்டார்கள்... சுறா இன்னும் களத்தில் இருக்கிறது. தைரியம் உள்ளவர்கள் மோதிப் பார்க்கலாம்!